தொடக்கத் திருச்சபையின் மறைசாட்சிகளும் புனிதர் வணக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்பிலும், திருநாள் கொடியேற்றம் முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போதும், வேற்றுச் சபை நண்பர்களோடு பேசும்போதும் ஒரே ஐயங்கள்தாம் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு முறையும் பாதி விடை சொல்லிப் பிரிவதைவிட, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியதால் இந்தப் பக்கம் உருவானது. பெரும்பாலும் முதல் நான்கு நூற்றாண்டுகளைப் பற்றியே இங்கே பேசப்படுகிறது.

மறைசாட்சி, வேதசாட்சி, இரத்தசாட்சி என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களே, மூன்றும் ஒன்றுதானா? புனிதர் என்றால் வேறா?

மூன்றும் ஒன்றுதான். பழைய கத்தோலிக்க நூல்கள் வேதசாட்சி என்றும், இன்றைய வழிபாட்டு நூல்கள் மறைசாட்சி என்றும், சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் இரத்தசாட்சி என்றும் எழுதுகிறார்கள். மூலமான 'மார்த்துஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சாட்சி சொல்பவர் என்பது மட்டுமே பொருள். சாவு என்ற கருத்து அதில் தொடக்கத்தில் இல்லை. சாட்சி சொன்னவர்கள் அதற்காகவே கொல்லப்பட்டதால், இரண்டாம் நூற்றாண்டில் அச்சொல்லோடு இரத்தமும் சேர்ந்துகொண்டது. முதல் மறைசாட்சியான ஸ்தேவானின் வரலாறு திருத்தூதர் பணிகள் நூலின் 6, 7 அதிகாரங்களில் இருக்கிறது. 'ஸ்தெபானோஸ்' என்றால் மணிமுடி. நம் முன்னோர் அவரை முடியப்பர் என்று அழைத்தது பொருளறிந்து செய்த மொழிபெயர்ப்பு.

புனிதர் என்பது அதைவிட விரிந்த சொல். பாட்டிமாரின் செபப்புத்தகங்களில் 'அர்ச்.' என்று சுருக்கமாக அச்சிட்டிருக்கும் அர்ச்சியசிஷ்டவர் என்பதும் அதுவே. திருத்தூதர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் மூன்று நூற்றாண்டுகளில் பொது வணக்கம் பெற்றவர்கள் ஏறத்தாழ எல்லாரும் மறைசாட்சிகளே. 356இல் இறந்த எகிப்தின் வனத்து அந்தோனியார், 397இல் இறந்த தூர் நகர் மார்ட்டின் போன்று கொலையுண்டு சாகாதவர்களை வணங்கும் வழக்கம் துன்புறுத்தல் காலம் முடிந்த பிறகே பரவியது.

உரோமையர்கள் எத்தனையோ தெய்வங்களை ஏற்றுக்கொண்டவர்கள்தானே, கிறிஸ்தவர்களை மட்டும் ஏன் முந்நூறு ஆண்டுகள் விடாமல் கொன்றார்கள்?

கிறிஸ்தவர்கள் புதிய தெய்வம் ஒன்றைக் கொண்டுவந்தது அவர்களுக்குச் சிக்கலாக இருக்கவில்லை. மற்ற தெய்வங்களுக்குப் பலியிட மறுத்ததுதான் சிக்கல். ஊர் நன்றாக இருக்க வேண்டுமானால் ஊர்த் தெய்வங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் என்று நம்பிய சமூகத்தில், செய்யமாட்டேன் என்பவர் எல்லாருக்கும் கேடு தேடுபவராகத் தெரிந்தார்.

'முந்நூறு ஆண்டுகள் விடாமல்' என்பதைத் திருத்திக்கொள்ள வேண்டும். 64ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் நீரோ செய்தது உரோமை நகருக்குள் நடந்தது. ஏறத்தாழ 112இல் இன்றைய துருக்கியிலிருந்த பித்தினியா மாநிலத்தின் ஆளுநர் பிளினி தாம் என்ன செய்வது என்று கேட்டு எழுதியபோது, பேரரசர் டிராஜன் அனுப்பிய பதில் சுவையானது: அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடிதங்களை ஏற்க வேண்டாம், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டிக்க வேண்டும், மறுதலித்து நம் தெய்வங்களை வணங்குபவரை விட்டுவிடலாம். ஆகவே நெடுங்காலம் துன்புறுத்தல் இடத்துக்கு இடம், ஆளுநருக்கு ஆளுநர் மாறியது. பேரரசு முழுவதையும் தழுவிய ஆணை பேரரசர் டேசியுஸ் காலத்தில், 250ஐ ஒட்டித்தான் வந்தது. அதன்பின் வலேரியன் 257, 258 ஆண்டுகளிலும், டயோக்ளீஷியன் 303 முதலும் தொடர்ந்தார்கள். 311இல் பேரரசர் கலேரியுஸ் அதை நிறுத்தி ஆணையிட்டார். 313இல், பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில், முழு உரிமை வந்தது.

எல்லாரும் சிங்கத்தின் முன் சிரித்துக்கொண்டே நின்றார்கள் என்கிறார்களே, பயந்து மறுதலித்தவர்கள் ஒருவரும் இல்லையா?

ஏராளமானவர்கள் இருந்தார்கள். டேசியுஸின் ஆணைப்படி எல்லாரும் அதிகாரிகள் முன் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் எகிப்து மணலிலிருந்து பல கிடைத்துள்ளன. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் யாரும் பிடித்து இழுக்காமலேயே விசுவாசிகள் கூட்டமாக ஓடிப் பலியிட்டதையும், பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும் இன்றே முடித்துக்கொள்ளச் சிலர் கெஞ்சியதையும் ஆயர் சிப்பிரியான் வேதனையோடு எழுதியிருக்கிறார். பலியிடாமல் கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களும் உண்டு.

சிப்பிரியானே அப்போது தலைமறைவாக இருந்தார், அதற்காகக் கடுமையாக விமரிசிக்கப்பட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 258 செப்டம்பர் 14 அன்று, தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் 'இறைவனுக்கு நன்றி' என்று மட்டும் சொல்லி, தம் தலையை வெட்ட வந்தவனுக்கு இருபத்தைந்து பொற்காசுகள் கொடுக்கும்படி தம் ஆட்களிடம் சொன்னார். ஓடி ஒளிந்தவரும் துணிந்து நின்றவரும் ஒரே மனிதர்தாம் என்பதை மறைக்கல்விப் பாடங்களில் நாம் ஏன் விட்டுவிடுகிறோம் என்பது எனக்கு விளங்காத ஒன்று.

தெரிந்தே போய் மாட்டிக்கொள்வது ஒரு வகையில் தற்கொலைதானே?

தாமாகச் சென்று மாட்டிக்கொள்வதைத் தொடக்கத் திருச்சபையே ஏற்கவில்லை. ஏறத்தாழ 155இல் ஸ்மிர்னா (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) நகர ஆயர் பொலிக்கார்ப்பு எரிக்கப்பட்ட வரலாற்றை அவருடைய சபையார் பிலோமேலியம் என்ற ஊர்ச் சபைக்குக் கடிதமாக எழுதினார்கள். அதில் குவின்துஸ் என்பவர் தானாக முன்வந்து தன்னை ஒப்படைத்து, காட்டு விலங்குகளைக் கண்டதும் நடுங்கிப் பலியிட்டுவிட்டதைச் சொல்லி, 'தாமாக முன்வருவோரை நாங்கள் பாராட்டுவதில்லை' என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

பொலிக்கார்ப்போ முதலில் ஒரு பண்ணைக்கும் பின்னர் இன்னொரு பண்ணைக்கும் விலகிப் போனார். பிடிபட்டபோது, வந்த காவலர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லி, செபிக்க ஒரு மணி நேரம் கேட்டு, இரண்டு மணி நேரம் நின்றபடியே செபித்தார். கிறிஸ்துவைப் பழித்தால் விடுதலை என்று ஆளுநர் சொன்னதற்கு, 'எண்பத்தாறு ஆண்டுகள் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே' என்பதே அவர் விடை.

இந்தக் கதைகளில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதுதான் இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதன் சாரம். முதல் அடுக்கில் விசாரணைப் பதிவுகளும் கண்ணால் கண்டவர்களின் எழுத்தும் இருக்கின்றன. 180 ஜூலை 17 அன்று கார்த்தேஜில் சில்லியம் ஊரார் பன்னிருவரின் விசாரணை ஒன்றிரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. பேழையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று ஆளுநர் கேட்கிறார். 'புத்தகங்களும், நேர்மையாளரான பவுலின் கடிதங்களும்' என்கிறார் ஸ்பெராத்துஸ். யோசிக்க முப்பது நாள் தவணை தருகிறேன் என்கிறார் ஆளுநர்; வேண்டாம் என்கிறார்கள். இரண்டாம் அடுக்கில், இறந்தவரின் பெயரும் நாளும் கல்லறையும் உறுதி, ஆனால் கதை நூறு, இருநூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. மூன்றாவதில் கதை மட்டுமே உண்டு. பெயர், நாள், கல்லறை என்ற இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் பல விடைகள் இதன்மேல்தான் நிற்கின்றன.

முதல் அடுக்கில் மணியாக நிற்பது பெர்பெத்துவாவின் சிறைக்குறிப்பு. 203 மார்ச் 7 அன்று கார்த்தேஜ் அரங்கில் இறந்த அந்த இருபத்திரண்டு வயதுப் பெண், நல்ல குடும்பத்தில் பிறந்து, படித்து, மணமாகி, கைக்குழந்தையோடு இருந்தவர். மறுதலிக்கச் சொல்லி அழும் தந்தையிடம், அருகிலிருந்த குடத்தைக் காட்டி, 'அப்பா, இதைக் குடம் என்றல்லாமல் வேறு பெயரால் அழைக்க முடியுமா?' என்று கேட்கிறார். முடியாது என்கிறார் தந்தை. 'நானும் கிறிஸ்தவள் என்பதல்லாமல் வேறு எதுவாகவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது.' தீர்ப்புக்குப் பின் தந்தை குழந்தையைத் திருப்பித் தர மறுத்துவிட, குழந்தை அதற்குமேல் பாலுக்கு ஏங்கவில்லை என்றும், தமக்கும் பால் கட்டி வேதனை தரவில்லை என்றும் எழுதுகிறார். பிற்காலத்தில் கதை கட்டுபவர் எவருக்கும் தோன்றாத வரி அது.

அவரோடு இறந்த பெலிசித்தா ஓர் அடிமை, எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணியைக் கொல்லச் சட்டம் இடம் தராததால், தோழர்களோடு சாக முடியாதோ என்று கலங்கியவருக்குச் சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி அதை எடுத்து வளர்த்தார். இவ்விருவரின் பெயர்களும் உரோமைத் திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் இன்றும் சொல்லப்படுகின்றன.

அப்படியானால் லாரன்ஸ் இரும்புக் கட்டில்மேல் வாட்டப்பட்டதும், செபஸ்தியார் அம்பு பட்டு இறந்ததும் பொய்யா?

இருவரும் இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தவர்கள். 354ஆம் ஆண்டின் உரோமை நாட்காட்டித் தொகுப்பில் லாரன்சுக்கு ஆகஸ்டு 10, செபஸ்தியாருக்கு ஜனவரி 20 என்று நாளும் கல்லறை இடமும் குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே ஆள் உண்டு, சாவும் உண்டு. உரோமைத் திருத்தொண்டரான லாரன்ஸ் இறந்த 258இல் வலேரியனின் ஆணை ஆயர், குரு, திருத்தொண்டர்களை உடனே கொல்லச் சொன்னது. அவருடைய திருத்தந்தை இரண்டாம் சிக்ஸ்துஸ் நான்கு நாள் முன்பு வாளால் வெட்டப்பட்டார். நெருப்பில் வாட்டப்பட்டதை மிலான் ஆயர் அம்புரோசியார் நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்தே சொல்கிறார். 'துன்புற்றார்' என்று பொருள்படும் 'பாஸ்ஸுஸ் எஸ்த்' என்ற இலத்தீன் தொடரில் முதல் எழுத்து விடுபட்டு, 'வாட்டப்பட்டார்' என்று பொருள்படும் 'அஸ்ஸுஸ் எஸ்த்' ஆகியிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவதுண்டு.

செபஸ்தியார் அம்பு பட்டு இறந்ததாக அவருடைய பழைய வரலாறே சொல்லவில்லை. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த நூலின்படி, அம்புகளுக்குத் தப்பியவரை இரேனே என்ற கைம்பெண் பேணிக் குணமாக்குகிறார். மீண்டும் பேரரசர் முன் போய் நின்ற பிறகே தடியால் அடித்துக் கொல்கிறார்கள். உரோமையின் சான் பியெத்ரோ இன் வின்கோலி கோவிலிலுள்ள ஏழாம் நூற்றாண்டு மொசைக்கில் அவர் அம்பு ஒன்றுமின்றி, தாடி வைத்த முதியவராக நிற்கிறார். நம் சுரூபங்களில் காணும் மரத்தில் கட்டுண்ட இளைஞர் பிற்கால ஓவியர்களின் கைவண்ணம்.

கிறிஸ்தவர்கள் கத்தகோம்புகளில் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்பது உண்மையா?

இல்லை. அவை நிலத்தடிக் கல்லறைகள், அவ்வளவே. அரசுக்கு அவை நன்றாகத் தெரியும். வலேரியன் அங்கே கூடுவதற்குத் தடை விதித்ததும், மேலே சொன்ன சிக்ஸ்துஸ் அங்கேயே பிடிபட்டதும் அதற்குச் சான்று.

புனிதர் வணக்கம் கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு புறமதத்திலிருந்து நுழைந்ததுதானே?

மேலே சொன்ன பொலிக்கார்ப்பு கடிதத்துக்கே திரும்புவோம். அது கான்ஸ்டன்டைனுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது. எரிந்த உடலின் எலும்புகளை, 'விலையுயர்ந்த கற்களைவிட அருமையானவை, பொன்னைவிட மேலானவை' என்று சேகரித்துத் தக்க இடத்தில் வைத்ததாகவும், ஆண்டுதோறும் அவருடைய 'பிறந்த நாளை' அங்கே கூடிக் கொண்டாடப் போவதாகவும் ஸ்மிர்னா சபையார் எழுதுகிறார்கள். பிறந்த நாள் என்று அவர்கள் சொல்வது இறந்த நாளை. புனிதர் திருநாட்கள் பெரும்பாலும் இறந்த நாளில் வருவதன் காரணம் இதுவே.

கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு மாறியது அளவு. கல்லறைமேல் பேராலயங்கள் எழுந்தன. 366 முதல் 384 வரை திருத்தந்தையாக இருந்த தமாசுஸ் உரோமைக் கல்லறைகளைத் தேடிச் சீர்செய்து, பளிங்கில் கவிதை பொறித்து வைத்தார். உரோமையில் மாணவராக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் தோழர்களோடு அந்த இருட்டுச் சுரங்கங்களில் இறங்கி நடந்ததை, விவிலியத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுஸ் முதுமையில் நினைவுகூர்கிறார்.

இறந்தவர்களை வணங்குவது விக்கிரக ஆராதனை இல்லையா?

வேற்றுச் சபை நண்பர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஆனால் புதிய கேள்வி அன்று. அதே பொலிக்கார்ப்பு கடிதத்திலேயே விடையும் இருக்கிறது: கிறிஸ்துவை இறைமகன் என்பதால் ஆராதிக்கிறோம், மறைசாட்சிகளை ஆண்டவரின் சீடர்கள் என்பதால் அன்பு செய்கிறோம். நானூறாம் ஆண்டை ஒட்டி இதே குற்றச்சாட்டைச் சந்தித்த வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனார், கல்லறைமேல் நிற்கும் பீடத்தில்கூட எந்த ஆயராவது 'பேதுருவே, பவுலே, சிப்பிரியானே, உமக்கு இப்பலியை ஒப்புக்கொடுக்கிறோம்' என்று சொன்னதுண்டா என்று திருப்பிக் கேட்டார். 787இல் இரண்டாம் நிசேயாச் சங்கம் இந்த வேறுபாட்டை வரையறுத்தது. தமிழில் கடவுளுக்கு ஆராதனை, புனிதருக்கு வணக்கம் என்று இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருப்பதும் இதற்காகவே. 'அந்தோனியார் ஆராதனை' என்று சுவரொட்டி அடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

எதிர்ப்பு உள்ளேயிருந்தும் வந்தது. கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டுக் குருவான விஜிலான்சியுஸ், பட்டப்பகலில் மெழுகுதிரி எரிப்பதையும், துணியில் சுற்றிய சாம்பலுக்கு முத்தமிடுவதையும் கண்டித்து எழுதினார். 406இல் எரோணிமுஸ் ஒரே இரவில் சொல்லி எழுதுவித்த மறுப்பு, வாதத்தைவிட வசையில் வலிமையானது என்பது என் எண்ணம்.

திருநாளுக்கு அசனம் போடுகிறோமே, இது நம்ம ஊர் வழக்கம்தானே?

நம் அசனத்துக்கு நம் மண்ணில் வேர் உண்டு. ஆனால் கல்லறையில் உணவு பகிர்வது பழங்கால ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்களிடமும் இருந்தது. அகுஸ்தீனாரின் தாய் மோனிக்கா, ஆப்பிரிக்காவில் செய்து பழகியபடியே மிலான் நகரிலும் கூழும் ரொட்டியும் திராட்சை இரசமும் எடுத்துக்கொண்டு மறைசாட்சிகளின் கல்லறைக்குப் போனார். வாசற்காவலர் தடுத்துவிட்டார், குடித்துக் கூத்தாட அது வாய்ப்பாகிவிடுகிறது என்று ஆயர் அம்புரோசியார் தடை விதித்திருந்தார். மோனிக்கா முணுமுணுக்காமல் திரும்பி, அதற்குமேல் அந்த உணவை ஏழைகளுக்குக் கொடுக்கலானார். அகுஸ்தீனார் தம் தன்வரலாற்றில் இதை மகனுக்குரிய பெருமிதத்தோடு சொல்கிறார்.

எலும்புகளைப் பிரித்து ஊர் ஊராக எடுத்துப் போவது சரியா? திருப்பண்டங்களை விற்கிறார்களாமே?

386 பிப்ரவரியில் பேரரசர் தியோடோசியுஸ் பெயரால் வந்த சட்டம், புதைத்த உடலை இடம் மாற்றவும், மறைசாட்சிகளின் எச்சங்களை விற்கவும் தடை விதித்தது. தடை வந்தது என்றால் வியாபாரம் நடந்தது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு ஜூனில் அம்புரோசியார் மிலானில் கெர்வாசியுஸ், புரோத்தாசியுஸ் என்ற மறைசாட்சிகளின் உடல்களைத் தோண்டி எடுத்து, தாம் கட்டிய பேராலயப் பீடத்தின் கீழ் வைத்தார். அவருடைய உடலும் இன்று அவ்விருவருக்கும் நடுவில்தான் கிடக்கிறது. 415இல் எருசலேம் அருகே முடியப்பரின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டு, சிறு சிறு பகுதிகளாக ஆப்பிரிக்கா வரை போய்ச் சேர்ந்தன.

உரோமை நெடுங்காலம் இதற்கு இணங்கவில்லை. 594இல் பேரரசி கான்ஸ்டன்டினா பவுலின் தலையைக் கேட்டபோது, திருத்தந்தை பெரிய கிரகோரியார் மறுத்து, பவுலைக் கட்டியிருந்த சங்கிலியிலிருந்து அரத்தால் ராவிய துகளை வேண்டுமானால் அனுப்பப் பார்ப்பதாக எழுதினார். இன்றைய திருச்சபைச் சட்டத்திலும் திருப்பண்டங்களை விற்பது முற்றிலும் விலக்கப்பட்டது. ஆகவே இணையத்தில் விலைபோட்டு வரும் எதையும் வாங்காதீர்கள்.

அந்தக் காலத்தில் ஒருவரைப் புனிதர் என்று யார் அறிவித்தார்கள்?

ஊர்ச் சபையே. கல்லறையில் ஆண்டுதோறும் கூடி, பெயரைப் பட்டியலில் சேர்த்து, ஆயர் அதை ஏற்றுக்கொண்டால் போதும். திருத்தந்தை முறைப்படி புனிதராக அறிவித்ததாக நாம் அறியும் முதல் நிகழ்வு 993இல், ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்குக்கு நடந்தது. பொலிக்கார்ப்புக்கும் பெர்பெத்துவாவுக்கும் அப்படி ஓர் அறிவிப்பே கிடையாது.

கிறிஸ்தோபரையும் பிலோமினம்மாளையும் புனிதர் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்களாமே?

இருவரையும் சேர்த்துச் சொல்வது தவறு. 1969இல் ஆறாம் பவுல் உலகப் பொது நாட்காட்டியைச் சுருக்கியபோது கிறிஸ்தோபர் அதிலிருந்து விடுபட்டார். மறைசாட்சிகளின் பெரும் பட்டியலில் ஜூலை 25க்குரியவராக இன்றும் இருக்கிறார். அன்று விடுபட்ட அலெக்சாந்திரியா கத்தரீன் 2002 பதிப்பில் நாட்காட்டிக்கே திரும்பிவிட்டார்.

பிலோமினாவின் செய்தி வேறு. 1802 மே 25 அன்று உரோமையின் பிரிசில்லா கத்தகோம்பில், மூன்று ஓடுகளால் மூடிய கல்லறை ஒன்று கிடைத்தது. ஓடுகளில் இருந்தபடி வாசித்தால் 'லூமெனா – பாக்ஸ் தே – கும் ஃபி' என்று பொருளற்று வரும். முதல் ஓட்டைக் கடைசியில் வைத்தால் 'பிலூமெனா, உனக்குச் சமாதானம்' என்று வரும். அவை பழைய கல்லறையிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்திய ஓடுகள் என்பதும், உள்ளே இருந்த எலும்பு வேறொருவருடையது என்பதும் பின்வந்த தொல்லியலாளர் ஒராசியோ மாருக்கியின் கருத்து. பழைய பட்டியல் எதிலும் அவர் பெயரில்லை. வாழ்க்கை வரலாறோ பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துறவி ஒருவருக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட வெளிப்பாடு. 1961இல் நாட்காட்டிகளிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டது. முன்சொன்ன மூன்றில் நாள் இல்லை, பெயரும் கல்லறையும் ஐயத்துக்குரியவை.

தோமையாரின் கல்லறை மயிலாப்பூரில் என்கிறோம், இத்தாலியிலும் இருக்கிறதாமே, எது உண்மை?

மூன்றாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள எதெஸ்ஸா பகுதியில் எழுதப்பட்ட தோமாவின் பணிகள் என்ற நூலே, அவர் இந்தியாவில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்ததாகவும், எலும்புகள் பிறகு மேற்கே கொண்டுபோகப்பட்டதாகவும் சொல்கிறது. நான்காம் நூற்றாண்டில் எதெஸ்ஸாவில் அவருடைய திருத்தலம் இருந்தது. பின்னர் கியோஸ் தீவு, 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனா என்று எலும்புகள் நகர்ந்தன. மயிலாப்பூர் மரபு உரிமை கொண்டாடுவது முதலில் புதைத்த இடத்துக்கு. அந்த இடத்து மண்ணை நோய் தீர்க்க எடுத்துச் செல்லும் வழக்கத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். ஆகவே இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

நம்பிக்கைக்காகச் செத்தவர் எல்லாரும் மறைசாட்சியா? பிரிந்துபோன கூட்டத்தாரும் செத்தார்களே?

இது வட ஆப்பிரிக்காவையே பிளந்த கேள்வி. டயோக்ளீஷியன் காலத்தில் மறைநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்களை ஏற்கமாட்டோம் என்று பிரிந்த தொனாத்தியர், அரசு தங்களை ஒடுக்கியபோது இறந்தவர்களையும் மறைசாட்சிகள் என்றே கொண்டாடினார்கள். அவர்களுக்கு அகுஸ்தீனார் திரும்பத் திரும்பச் சொன்ன விடை: மறைசாட்சியை உருவாக்குவது தண்டனை அன்று, காரணமே. கல்வாரியில் மூன்று சிலுவைகள் நின்றன, தண்டனை ஒன்றுதான் என்பார். விடை கூர்மையானதே; ஆனால் அதைச் சொன்னவர் அவ்வொடுக்குமுறையை ஆதரித்த ஆயர் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

எங்கள் பாதுகாவலர் இருந்ததே இல்லை என்று நாளைக்கு யாராவது நிரூபித்தால், நாங்கள் செய்த செபமெல்லாம் வீணா?

ஆராதனை பற்றிய கேள்விக்குச் சொன்ன விடையே இங்கும் பொருந்தும்: செபம் போய்ச் சேருமிடம் கடவுள், புனிதர் உடன் மன்றாடுபவர். 1961இல் பிலோமினாவின் பெயரை நாட்காட்டியிலிருந்து எடுத்தவர்கள் அவர் பெயரிலான கோவில்களை மூடச் சொல்லவில்லை. தனிப்பட்ட பக்தியையும் தண்டிக்கவில்லை. என்னிடம் இதைக் கேட்ட பிலோமினா என்ற பெயருள்ள பெரியம்மா ஒருவர், இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'அப்ப ஆகஸ்டு நவநாளுக்குப் பந்தல்காரனிடம் சொல்லிவிடலாம் இல்லையா?' என்றார். சொல்லிவிடலாம் என்றேன்.